தடைக்காலத்தில் மட்டும் அளந்த குழாய்

ஜெயபாரதியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் ஒரு முட்டாளைப் பற்றி எழுதியாக வேண்டும். அந்த முட்டாள் நான்தான். பெயர் துரைராசு, வயது ஐம்பத்தாறு, சொந்த ஊர் மயிலாடுதுறை. வேதாரண்யத்துக்கு வடக்கே கடலுக்கடியில் கிடக்கும் ஓர் எண்ணெய்க் குழாயைக் கண்காணிக்கிற ஒப்பந்த ஆபீசில் மேற்பார்வையாளர். படகு பிடிப்பது, முக்குளிக்கிற ஆட்களை வரவழைப்பது, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது, எல்லாரையும் திட்டுவது, இவ்வளவும் என் வேலை. கடைசி வேலையை யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

குழாய் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் கடலுக்குள் போகிறது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்று கச்சா எண்ணெயை அதன் வழியாகக் கரைக்கு அனுப்பும். குழாயின் சுவர் பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர் தடிமன். உப்புத் தண்ணீரில் இரும்பு கிடந்தால் துருப்பிடிக்கும் என்பது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு வேகமாகப் பிடிக்கும், இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லத்தான் எங்கள் ஆபீசை வைத்திருந்தார்கள்.

நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த விதம் இதுதான். குழாய் செய்த அதே இரும்பில் உள்ளங்கை நீளத்துக்குத் தகடு வெட்டி, சட்டத்தில் கட்டி, குழாய்க்குப் பக்கத்தில் கடலுக்குள் தொங்கவிடுவோம். அறுபத்தொரு நாள் கழித்து வெளியே எடுத்து, துருவைக் கழுவி, எடை போடுவோம். குறைந்த எடையை ஆறால் பெருக்கினால் ஒரு வருடத்தில் எவ்வளவு இரும்பு கரையும் என்று வந்துவிடும். அந்தக் கணக்கை மும்பையில் இருக்கும் ஆலோசகர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டு, கலர் கலராகப் படம் போட்டு, ‘இன்னும் இருபத்தெட்டு வருடம் கவலையில்லை’ என்று எழுதி அனுப்புவார்கள். நாங்களும் கவலையில்லாமல் இருந்தோம்.

தகட்டைக் கழுவி எடை போடுகிற ஆள்தான் ஜெயபாரதி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடைக் கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்தவர். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற வயல், மழைத் தண்ணீர் கடைசியாக வடிகிற வயலும் அதுவேதான். கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. வேதியியல் படித்தாள். கல்யாணம் ஆகி, புருஷன் பிரபு அறுவடை மெஷின் ஓட்டப் போய்விட, தினம் இரண்டு பஸ் மாறி எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஒப்பந்தத் தொழிலாளி. வருடா வருடம் ஆர்டரைப் புதுப்பித்தால்தான் வேலை. முப்பத்து நான்கு வயதில் அவளுடைய பதவிப் பெயர் ‘உதவியாளர்’ என்று இருந்தது.

வேலையில் அவளிடம் வாய் கொடுக்க முடியாது. எடை போடுகிற தராசு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். காற்றடித்தால் எண் ஆடும். அதனால் எடை போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவாள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஃபேனை நிறுத்துகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

“ஏம்மா, நாங்க மனுசங்களா இல்லையா? வேர்த்து ஊத்துது” என்று கத்துவேன்.

“வெளிய போயி நில்லுங்கண்ணே. நீங்க மூச்சு விட்டாலும் ஆடுது” என்பாள். தலையைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டாள். நான் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருப்பேன். நாலு வருடம் இப்படியே போனது.

போன கார்த்திகைக்கு முந்தைய கார்த்திகையில், கப்பலைக் கட்டும் மிதவையின் சங்கிலி ஒன்று அறுந்துவிட்டது. சாதாரணமாக அந்த மாதத்தில் நாங்கள் கடலுக்குப் போவதே கிடையாது. சங்கிலியைக் குழாயிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும் என்பதால் லியோவைக் கூப்பிட்டேன். லியோ வேளாங்கண்ணிப் பக்கம். இந்தக் கரையில் அவனைப் போல முக்குளிக்கிற ஆள் கிடையாது, அதை அவனே எல்லாரிடமும் சொல்லுவான். ஆறு கடலில் கலக்கிற ஆற்றுமுகத்துக்கு நேரே, கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இறங்கினான். முக்கால் மணி நேரம் கழித்து ஏறி, படகில் கரைக்கு வந்தபோது கழுத்து வரை கறுப்புச் சேறு. நாற்றம், அழுகிய முட்டையைக் கூடையோடு உடைத்தது போல இருந்தது.

“கீழ குழாயே தெரியலண்ணே. பூரா சேத்துக்குள்ள பொதஞ்சி கெடக்கு. கையால தடவித் தடவித்தான் வேல பாத்தேன்” என்றான்.

கரையில் நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினோம். ஜெயபாரதி மட்டும் அவன் தோளிலிருந்து ஒரு கை சேற்றை வழித்து முகர்ந்து பார்த்தாள். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தாள்.

“அண்ணே, இது எங்க வயல்ல அடிக்கிற நாத்தம்” என்றாள்.

“ஒங்க வயல்ல முட்டையா வெளயுது?”

“கேலி பண்ணாதீங்க. தண்ணி வடியாமப் பத்து பதினஞ்சு நாள் நின்னா பயிரப் புடுங்கிப் பாருங்க, வேர் கறுத்துக் கெடக்கும், இதே நாத்தம் அடிக்கும். காத்துப் போகாத சேத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. அது வுடுற வாயு இது. வேரையே கருக்குதுன்னா இரும்ப வுடுமா?” என்றாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். “நாம எந்த மாசத்துலண்ணே தகடு கட்டுவோம்?”

“தடைக்காலத்துல” என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் நடுவில் தொடங்கி அறுபத்தொரு நாள். விசைப்படகெல்லாம் கரையில் சும்மா நிற்கும். கேட்ட உடனே படகு கிடைக்கும், வலை போட்டு எங்கள் சட்டத்தை இழுத்துக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள், கடலும் தெளிவாக இருக்கும். இந்த யோசனையைப் பதினோரு வருடத்துக்கு முன் சொன்னவனே நான்தான். மும்பைக்காரர்கள்கூட ‘நல்ல ஏற்பாடு’ என்று பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அதை ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தேன்.

“தை நடுவுல மேட்டூர் அணைய மூடிடுறாங்க. சித்திர வைகாசியில ஆத்துல சொட்டுத் தண்ணி கெடையாது. ஆறு வராத மாசத்துல மட்டும் அளந்துட்டு, அத ஆறால பெருக்கி வருசக் கணக்குன்னு அனுப்பியிருக்கோம். ஐப்பசியில டெல்டா பூராவும் வடியுற தண்ணி இந்த ஆத்துமொகத்துலதானே வந்து விழுவுது? அந்தச் சேறு குழா மேல ஏறி உக்காந்திருக்கிற மாசத்த ஒரு தடவகூட நாம அளக்கல” என்றாள்.

மயிலாடுதுறையில் பிறந்தவன் நான். ஆற்றில் எப்போது தண்ணீர் வரும், எப்போது நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது எனக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? எரிச்சல் என் மேல்தான். ஆனால் அவளிடம்தான் எரிந்து விழுந்தேன். “இருக்குற வேலையப் பாரு. அப்புறம் இருக்குறதும் போயிடும்” என்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் அசரவில்லை. மறுநாள் ஆறு தகடுகளை எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். லியோ இன்னும் இரண்டு முறை சங்கிலி வேலைக்காக இறங்க வேண்டியிருந்தது. போகும்போது ஆற்றுமுகத்துக்கு நேரே, குழாயின் ஓர் இணைப்புக்கு அடியில், சேற்றுக்குள் ஆறையும் கட்டிவிட்டு வரச் சொன்னாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே அனுமதி என்று எடுத்துக்கொண்டாள்.

மாசி மாதம் மூன்று தகடுகளை எடுத்தோம். கன்னங்கரேலென்று இருந்தன. இரண்டைக் கழுவி எடை போட்டால் குறைந்தது ரொம்பக் கொஞ்சம். தெளிந்த கடலில் தொங்கிய தகட்டை விடவும் குறைவு!

“அப்பாடா” என்று நான் சிரித்தேன். “ஒன் சேறு இரும்புக்கு எண்ணெ தேச்சு வுட்டுருக்கு பாரு.”

அவள் முகம் விழுந்துவிட்டது. இரண்டு நாள் மதியம் கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் திறக்காமல் திருப்பி எடுத்துப் போனாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலையில் உள்ளேயிருந்து “அண்ணே! அண்ணே!” என்று ஒரு கூச்சல். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன். மூன்று தகட்டில் ஒன்றை அவள் கழுவாமல் விட்டிருந்தாள். மனசு சரியில்லாத அன்று மறந்து, ஈரத்தோடு ஒரு தட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கறுப்பாக இருந்தது இப்போது செங்கல் நிறத்தில் நுரைத்திருந்தது. அடியில் தேங்கியிருந்த நீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினாள். தாள் சிவந்தது. அமிலம். கழுவிப் பார்த்தால் தகட்டில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள்.

“நான் பாதிதான் யோசிச்சிருக்கேன்” என்றாள். மூச்சு வாங்கியது. “சேறு தனியா ஒண்ணும் பெருசா பண்ணல. அது கறுப்புப் பூச்சு பூசி வச்சிட்டு உக்காந்திருக்கு. பங்குனியில சேறு கலஞ்சு போயி, நல்ல தண்ணி, காத்தோட வருது பாருங்க, அப்பத்தான் அந்தப் பூச்சு அமிலமா மாறித் திங்குது. காய்ச்சலும் பாய்ச்சலும்ணே! தண்ணியக் கட்டி, காய வுட்டு, மறுபடி கட்டினா நெல்லு நல்லா வரும். அதையே இரும்புக்குப் பண்ணா இரும்பு செத்துது.”

பதினைந்து நிமிடம் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

கடலில் மீதியிருந்த மூன்று தகடுகளையும் வைகாசி வரை தொடக்கூடாது என்றாள். சேற்றில் ஒரு பருவம், தெளிந்த நீரில் ஒரு பருவம், இரண்டையும் அவை பார்க்கட்டும் என்றாள். வைகாசிக் கடைசியில் லியோ எடுத்து வந்தான். அன்றைக்கு ஃபேனை நானே நிறுத்தினேன். எடை குறைந்தது இந்த முறையும் அதிகமில்லை. ஆனால் தகட்டில் அங்கங்கே குழி. நுண்ணோக்கியில் வைத்து ஆழம் பார்த்தாள். முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது பூஜ்யம் புள்ளி ஏழு. மூன்று தகட்டிலும் கிட்டத்தட்ட அதே ஆழம்.

வெள்ளரிக்காயை ஒரே சீராகச் சீவினால் மெலியத்தான் செய்யும், ஓட்டை விழாது. ஓர் இடத்தில் மட்டும் குத்திக்கொண்டே இருந்தால் மறுபக்கம் வந்துவிடும். எடை போட்டுக்கொண்டிருந்த நாங்கள் இத்தனை வருடமும் சீவலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், குத்தலைப் பார்க்கவில்லை.

குழாய்க்கு மேலே பெயின்ட் மாதிரி ஒரு காப்புப் பூச்சு உண்டு. குழாய்க்குப் பதிலாகத் தாங்கள் கரையும்படி அலுமினியக் கட்டிகளும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இணைப்புகளில், அடிப்பக்கம், கடலில் வைத்துப் பூசிய பூச்சு சீக்கிரம் தளர்ந்துவிடும். தளர்ந்த பூச்சுக்குள் சேறு புகுந்தால் அந்தக் கட்டிகளின் காவல் உள்ளே எட்டாது. குழாய் போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஒரு வருடம் பூச்சு தாங்கியிருக்கும் என்று விட்டால் மீதி பத்து வருடம். வருடத்துக்குப் பூஜ்யம் புள்ளி ஏழு. ஏழு மில்லிமீட்டர் போயிருக்கும். ‘ஆற்றுமுகத்துக்கு நேரேயுள்ள இணைப்புகளின் அடிப்பக்கத்தில் மீதிச் சுவர் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில்’ என்று ஒரே பக்கத்தில் எழுதினாள். உரக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, அப்புறம் நல்ல தாளில்.

இதில் தலை போகிற விஷயம் ஒன்று இருந்தது. ஆடி முதல் தேதியிலிருந்து பெரிய கப்பல் வரப்போகிறது, குழாயில் அழுத்தத்தைக் கூட்டப்போகிறார்கள். அதற்குச் சுவர் ஏழு மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அவள் கணக்கு சரியென்றால் முதல் கப்பலிலேயே குழாய் வெடிக்கும். வெடித்தால் வேதாரண்யம் வரைக்கும் கரையெல்லாம் எண்ணெய். ஆடிக்கு இருந்தது முப்பத்தைந்து நாள்.

எண்ணெய்க் கம்பெனியில் இந்தக் குழாய்க்குப் பொறுப்பான என்ஜினியர் இளஞ்செழியன். பொல்லாதவர் இல்லை, மரியாதையாகப் பேசுவார். ஆனால் பைண்டு செய்த அறிக்கையைத்தான் நம்புவார். நானும் ஜெயபாரதியும் அவர் ஆபீசுக்குப் போய் நீட்டிய ஒற்றைத் தாளை வாங்கிப் படித்தார்.

“மூணு தகட்டை வச்சு ஒரு லைனையே நிறுத்தச் சொல்றீங்களா? பதினோரு வருஷ டேட்டா இருக்கும்மா எங்கிட்ட.”

“அது பதினோரு வருஷ டேட்டா இல்ல சார். பதினோரு தடைக்காலம்” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.  பேசினால் என் முட்டாள்தனம் வெளியே வரும். பேசாவிட்டால் அவள் தனியாக நிற்பாள். ஜெயபாரதி என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

“சார், தடைக்காலத்துல அளக்கலாம்னு சொன்னது நான்தான்” என்றேன். “படகு சுலபமா கெடைக்கும்னு சொன்னேன். வேற ஒரு காரணமும் இல்ல. மழை மாசத்துல ஒரு நாள்கூட நாங்க கீழ போயிப் பாத்தது கெடையாது. அந்தப் பொண்ணு சொல்றது நெசம்.”

இளஞ்செழியன் தாளை மறுபடி மேலிருந்து படித்தார். கடைசியில், “ஒரு நாள். ஒரு எடம். எந்த ஜாயின்ட்டுன்னு நீங்களே சொல்லுங்க. தோண்டிப் பாப்போம். ஒண்ணும் இல்லேன்னா அழுத்தத்தக் கூட்டிடுவேன். உங்க ஆர்டரயும் புதுப்பிக்க மாட்டாங்க, அத என்னால தடுக்க முடியாது” என்றார்.

“சரிங்க சார். இருந்தா லைன நிறுத்துவீங்களா?”

“நிறுத்துவேன்.”

“அன்னிக்கே?”

“அன்னிக்கே” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனி இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு மணிக்குப் படகில் ஏறினோம். காற்று இல்லை, கடல் படுத்துக் கிடந்தது. இளஞ்செழியன் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜெயபாரதிக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன் உட்கார்ந்தாள். லியோ தலைக்கவசம் மாட்டி இறங்கினான். கீழே அவன் பேசுவது மேலே ஸ்பீக்கரில் கேட்கும்.

முதலில் குழாயின் மேல்பக்கம். பூச்சைச் சுரண்டி, சுவரின் தடிமன் காட்டுகிற மீட்டரை வைத்தான்.

“பன்னண்டு புள்ளி அஞ்சு” என்றது ஸ்பீக்கர்.

“பக்கவாட்டுல?” என்றாள்.

“பன்னண்டு புள்ளி நாலு. இந்தப் பக்கம் பன்னண்டு புள்ளி அஞ்சு.”

புதுக் குழாய் மாதிரி. இளஞ்செழியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கிக் கடலில் எறியலாமா என்று எனக்கு இருந்தது. ஜெயபாரதி எண்களை எழுதிக்கொண்டு, “அடிப்பக்கம் லியோ. அடிப்பக்கம் பாக்காம மேல வராத” என்றாள்.

அடிப்பக்கம் மணலில் பதிந்திருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கலைக்க இரண்டு மணி நேரம் ஆனது. பம்பு ஒரு முறை நின்றுபோனது. நான் பம்பைத் திட்டினேன், படகைத் திட்டினேன், டீ கொண்டு வராதவனைத் திட்டினேன். அவள் மட்டும் அசையாமல் இருந்தாள். விரல்கள் மட்டும் பென்சிலை நசுக்கிக்கொண்டிருந்தன.

“அக்கா” என்றது ஸ்பீக்கர். “பூச்சு உரிஞ்சு கோமணம் மாதிரி தொங்குது. உள்ள கறுப்பா இருக்கு.”

“சுரண்டு. மெதுவா.”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “அடேயப்பா!” என்றான். “அக்கா, குழி இருக்கு. ஒண்ணு இல்ல, வரிசையா இருக்கு. ஒண்ணுல என் சுண்டு விரல் நுனி உள்ள போவுது.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். இளஞ்செழியன் தொப்பியைக் கழற்றினார்.

“ஆழம் அளக்குற கேஜ வையி. நேரா வையி. சாய்ச்சி வைக்காத” என்றாள். 

“ஆறு... இருங்க... ஆறு புள்ளி ஒம்போது.”

“மறுபடியும்.”

“ஆறு புள்ளி ஒம்போதுக்கா.”

“எடுத்துட்டு மறுபடி வச்சி சொல்லு.”

“ஆறு புள்ளி ஒம்போது! எத்தன தடவ கேட்டாலும் அதேதான். நானென்ன மீனா விக்கிறேன், கொறச்சுச் சொல்ல?”

ஜெயபாரதி தாளில் கழித்துப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழில் ஆறு புள்ளி ஒன்பது போனால் ஐந்து புள்ளி எட்டு. ஒன்றாம் வகுப்புக் கணக்குதான். இரண்டு முறை போட்டாள். தாளை அப்படியே திருப்பி இளஞ்செழியனிடம் நீட்டினாள். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில்! கடலுக்கடியில், சேற்றுக்குள், பதினோரு வருடம் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த குழியின் ஆழத்தை, மூன்று தகட்டை வைத்துக்கொண்டு, தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள் இந்தப் பொம்பளை!

இளஞ்செழியன் தாளைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார். “லைன மூடுங்க” என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். “ஆடியில இல்ல, இப்ப. நான் கையெழுத்து போடுறேன். கப்பல வர வேணாம்னு சொல்லிடுங்க” என்றார். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கம்பெனி அதிகாரி ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியைக் கும்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அப்போது என்ன ஆனது என்று தெரியவில்லை. ஆடினேன். ஐம்பத்தாறு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகு நடுவில் குதித்தேன். விசில் அடித்தேன். படகு இரண்டு பக்கமும் ஆடியது.

“மேல என்னா சத்தம்? யாராவது வுழுந்துட்டீங்களா?” என்று ஸ்பீக்கரில் லியோ கத்தினான்.

“ஜெயிச்சுட்டோம்டா!” என்று கத்தினேன்.

“அண்ணே, ஒக்காருங்கண்ணே. எனக்கு மறுபடி வாந்தி வருது” என்றாள் ஜெயபாரதி. சிரித்துக்கொண்டே சொன்னாள், கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மைக்கைப் பிடித்து, “லியோ, அடுத்த ஜாயின்ட்டுக்குப் போ” என்றாள்.

ஆற்றுமுகத்துக்கு நேரே மொத்தம் பதினான்கு இணைப்புகள். அடுத்த பத்து நாளில் எல்லாவற்றையும் தோண்டினார்கள். பதினொன்றில் குழி. மும்பைக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்கள். அவள் எடை போடும் நேரம் வந்தபோது ஃபேனை நிறுத்தி, அவர்களையும் வேப்ப மரத்தடிக்கு அனுப்பினாள். ஆயுள் கணக்குப் போடுகிற முறையையே மாற்றினார்கள். இப்போது வருடத்தில் நான்கு பருவமும் தகடு இறங்குகிறது, மழை மாதப் படகுக்கு நான் அலைகிறேன். அலைய வேண்டியதுதான், எனக்கு நன்றாக வேண்டும். அவள் ஆர்டரில் ‘உதவியாளர்’ போய் ‘அரிமானக் கணிப்பாளர்’ என்று வந்தது. அரிமானம் என்றால் துரு அரிப்பது. அந்த வார்த்தையை அவள் புருஷன் பிரபுவுக்குப் போனில் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அவன் நான்காவது முறையும் கேட்டான், சந்தோஷத்தில்.

புரட்டாசியில், மழைக்கு முன்னால், வெட்டி எடுத்த பழைய குழாய்த் துண்டுகளை மிதவையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். இறக்கிய இடம் மீன் ஏலம் விடுகிற மைதானத்துக்குப் பக்கம். நானும் ஜெயபாரதியும் துண்டுகளை எண்ணி வாங்கப் போயிருந்தோம். காலை எட்டு மணி. படகெல்லாம் வந்து, சூரையும் வஞ்சிரமும் சங்கராவும் குவிந்து கிடந்தன. மைதானம் இரைந்தது.

மீன் விற்கிற பாத்திமா மேரி என்கிற அம்மாள் கூடையை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் வந்தார். “என்னாங்க இது, பாதைய அடைச்சு இரும்பப் போட்டுருக்கீங்க? நாங்க எப்புடிப் போவுறது?” என்று சண்டைக்கு நின்றார்.

ஜெயபாரதி, “கொஞ்ச நேரம்க்கா, லாரி வந்துடும்” என்று தணிந்து பேசினாள்.

எனக்குத் தாங்கவில்லை. “கொஞ்சம் இந்தாண்ட வாங்க” என்று அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். குழாய்த் துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். “விரல உள்ள வுடுங்க.”

வளையல் கையை நீட்டிக் குழியில் விரலை வைத்தார்.

“அந்தப் பக்கம் எண்ணெ, இந்தப் பக்கம் ஒங்க கடல். நடுவுல இருந்தது இவ்வளவுதான்” என்று கட்டைவிரல் நகத்தின் பாதியைக் காட்டினேன். “ஆடி மொத தேதி வெடிச்சிருக்கும். வெடிச்சிருந்தா இன்னிக்கு இந்த மைதானத்துல ஒரு மீன் இருக்காது. இந்த வருசம் பூரா இருக்காது. வெடிக்கும்னு தகட்டப் பாத்துச் சொன்னது யாரு தெரியுங்களா? இந்தப் பொண்ணு! வேலை போவும்னு மெரட்டியும் நின்னு சொல்லி நிறுத்துச்சு!”

“அண்ணே, சும்மா இருங்கண்ணே” என்று ஜெயபாரதி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பாத்திமா மேரி குழியிலிருந்து விரலை எடுக்கவில்லை. குழாயைப் பார்த்தார், ஜெயபாரதியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அப்புறம் திரும்பி, ஏல மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், “ஏய், எல்லாரும் இங்க ஓடியாங்கடி! நம்ம கடலக் காப்பாத்துன பொண்ணு இங்க நிக்குது!” என்று கூப்பிட்டார்.

வந்தார்கள். கூடையைப் போட்டது போட்டபடி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள், ஒவ்வொருத்தியும் ஜெயபாரதியின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். இளஞ்செழியன் ஆபீசில் அசையாமல் நின்றவள் இங்கே அழுதுவிட்டாள். ஒருத்தி இரண்டு சங்கராவை அவள் பையில் போட்டாள். இன்னொருத்தி ஒரு வஞ்சிரத்தையே தூக்கி வந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்லப் பை நிரம்பி, வால்கள் வெளியே தொங்கின.

“பை பத்தலியே, வேற பை இருக்கா?” என்று பாத்திமா மேரி என்னைப் பார்த்து அதட்டினார்.

என் தோள்துண்டை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.